பழைய வீட்டு மின்சூளையின் மின் தேவைகள்

வீட்டு மின்சூளை என்பது களிமண் பாண்டங்களையும் பீங்கான் பொருட்களையும் மின்சாரத்தால் சூடேற்றிச் சுடுவதற்கு வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் பயன்படும் சூளை ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்பாண்டக் கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் புதிய சூளைக்குப் பதிலாக, ஒருவர் பயன்படுத்திய சூளையை வாங்குகின்றனர். பள்ளிகள், பயிற்சி நிலையங்கள், ஓய்வுபெற்ற கலைஞர்கள் ஆகியோரிடமிருந்து இத்தகைய சூளைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் சூளையின் விலை மட்டுமே மொத்தச் செலவு அன்று. அதற்கு ஏற்ற மின்னழுத்தமும், போதிய மின்னோட்டமும், தகுந்த கம்பியும் வீட்டில் இல்லையெனில் சூளை இயங்காது. அல்லது இயங்கித் தீவிபத்துக்குக் காரணமாகும்.

அமைப்பு

மின்சூளையின் சுவர் வெப்பத்தைத் தாங்கும் இலேசான செங்கற்களால் ஆனது. செங்கற்களின் உட்புறத்தில் வெட்டப்பட்ட பள்ளங்களில் சுருள் கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் பாயும்போது இக்கம்பிகள் செஞ்சூடாகிச் சூளையின் உட்பகுதியைச் சூடேற்றுகின்றன. இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகியவை கலந்த கலப்புலோகத்தால் இக்கம்பிகள் செய்யப்படுகின்றன. இக்கலப்புலோகத்தை உருவாக்கியவர் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் வான் கான்ட்சோ. இவர் 1931 இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் இக்கம்பி 'காந்தல்' என்றே பரவலாக அழைக்கப்படுகிறது. சில பழைய, குறைந்த வெப்பநிலைச் சூளைகளில் நிக்ரோம் கம்பி இருப்பதும் உண்டு.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறை சூளையின் வயதைப் பொறுத்தது. பழைய சூளைகளில் திருகு விசைகளும், உள்ளே வைக்கப்படும் சிறு கூம்பு உருகி வளையும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் இயந்திர அமைப்பும் இருக்கும். பிற்காலச் சூளைகளில் வெப்பமின்னிரட்டையும் மின்னணுக் கட்டுப்படுத்தியும் இப்பணியைச் செய்கின்றன.

வெப்பநிலையும் திறனும்

மட்பாண்டம் சுடும் வெப்பநிலை கூம்பு எண்களால் குறிக்கப்படுகிறது. அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896 இல் தயாரிக்கத் தொடங்கிய கூம்புகளின் எண்களே அங்கு வழக்கில் உள்ளன. கூம்பு 06 என்பது ஏறத்தாழ 1000 பாகை செல்சியசையும், கூம்பு 6 என்பது ஏறத்தாழ 1220 பாகையையும், கூம்பு 10 என்பது ஏறத்தாழ 1290 பாகையையும் குறிக்கும். எண்ணுக்கு முன் சுழியம் இருந்தால் அது குறைந்த வெப்பநிலை வரிசையைச் சேர்ந்தது. எனவே 06 உம் 6 உம் ஒன்றல்ல.

சூளையின் உள்வெப்பம் கூடக்கூட, சுவர் வழியாகவும் மூடியின் இடைவெளி வழியாகவும் வெளியேறும் வெப்பமும் கூடுகிறது. உள்ளே செல்லும் மின்திறனும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் நிலையில் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. ஆகவே சூளைக்குக் கிடைக்கும் திறன் குறைந்தால், சுடுவதற்குக் கூடுதல் நேரம் ஆவதோடு விளைவு நின்றுவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சூளை அப்படியே நின்றுவிடும். முதற்சுடலுக்கு உரிய 1000 பாகையை எளிதாக எட்டும் ஒரு பழைய சூளை, மெருகுப்பூச்சுக்கு உரிய 1220 பாகையை எட்டாமல் போவதற்கு இதுவே காரணம்.

விவரத் தகடு

பழைய சூளை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்தில் ஆணியடித்தோ ஒட்டியோ வைக்கப்பட்டுள்ள விவரத் தகட்டை. அதில் பொதுவாகப் பின்வரும் விவரங்கள் காணப்படும்.

1. மின்னழுத்தம், வோல்ட்டில்.
2. மின்னோட்டம், ஆம்பியரில்.
3. திறன், வாட்டிலோ கிலோவாட்டிலோ.
4. ஒருமுனை மின்சாரமா, மும்முனை மின்சாரமா என்பது.
5. உச்ச வெப்பநிலை அல்லது உச்சக் கூம்பு எண்.
6. மாதிரி எண், வரிசை எண்.

இவற்றுள் ஒன்றிரண்டு அழிந்திருந்தாலும் மற்றவற்றைக் கொண்டு கணக்கிடலாம். ஒருமுனைச் சூளையில் திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். எடுத்துக்காட்டாக, ஏழு கன அடி கொள்ளளவுள்ள ஒரு சூளையின் தகட்டில் 240 வோல்ட், 48 ஆம்பியர் என்று இருப்பதாகக் கொள்வோம். அதன் திறன் 240 × 48 = 11,520 வாட். அதன் மொத்த மின்தடை 240 ÷ 48 = 5 ஓம். இக்கட்டுரையில் இனி வரும் கணக்குகள் பலவற்றுக்கும் இதே சூளையே எடுத்துக்காட்டாகும்.

தகடே இல்லாத சூளையை விலைக்கு வாங்கும் முன், அதன் மின்தடையை அளந்து பார்ப்பதும், மாதிரியை அடையாளம் கண்டு தயாரிப்பாளரிடம் விவரம் கேட்பதும் தேவை. பிளக்கின் வடிவத்தை மட்டும் வைத்து மின்னழுத்தத்தை முடிவு செய்யக்கூடாது. முந்தைய உரிமையாளர் பிளக்கை மாற்றியிருக்கக்கூடும்.

240 வோல்ட்டும் 208 வோல்ட்டும்

அமெரிக்க வீடுகளுக்கு 120/240 வோல்ட் மின்சாரம் வருகிறது. விளக்குகளும் சிறு கருவிகளும் 120 வோல்ட்டில் இயங்க, மின் அடுப்பு, துணி உலர்த்தி போன்ற பெரிய கருவிகள் 240 வோல்ட்டைப் பெறுகின்றன. பள்ளிகள், அலுவலகங்கள், வணிக வளாகங்கள் பலவற்றில் மும்முனை மின்சாரம் உள்ளது. அங்கு இரு முனைகளுக்கு இடையே கிடைப்பது 208 வோல்ட். இதனால் தயாரிப்பாளர்கள் ஒரே அளவுச் சூளையை 240 வோல்ட்டுக்கு ஒரு வகையாகவும் 208 வோல்ட்டுக்கு வேறு வகையாகவும் செய்கின்றனர். வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு சுருள் கம்பியின் மின்தடையில் உள்ளது.

மின்தடை மாறாதபோது, திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் திறனில் பெரிய மாற்றமாகத் தெரிவது இதனால்தான்.

240 வோல்ட் சூளையை 208 வோல்ட்டில் இணைத்தால்: 5 ஓம் மின்தடையில் மின்னோட்டம் 41.6 ஆம்பியராகவும் திறன் சுமார் 8,650 வாட்டாகவும் குறையும். இது உரிய திறனில் நான்கில் மூன்று பங்கு மட்டுமே. இதனால் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் உயர் வெப்பநிலையை எட்ட முடியாது.

208 வோல்ட் சூளையை 240 வோல்ட்டில் இணைத்தால்: இதுவே ஆபத்தானது. பள்ளியிலிருந்து வாங்கிய, 208 வோல்ட், 48 ஆம்பியர் சூளையின் மின்தடை 4.33 ஓம். இதை வீட்டின் 240 வோல்ட்டில் இணைத்தால் மின்னோட்டம் சுமார் 55.4 ஆம்பியராகவும், திறன் 9,984 வாட்டிலிருந்து ஏறத்தாழ 13,300 வாட்டாகவும் உயரும். 60 ஆம்பியர் பாதுகாப்பு விசை இந்த மின்னோட்டத்தில் விழாமலே இருக்கக்கூடும். சூளை வேகமாகச் சூடேறுவதால் வாங்கியவர் அதை நல்ல சூளை என்றே எண்ணுவார். ஆனால் உள்ளிருக்கும் விசைகள், கம்பிகள், முனை இணைப்புகள் அனைத்தும் தம் வரம்பை மீறிப் பல மணி நேரம் சூடாகிக் கொண்டிருக்கும். இத்தகைய சூளையை வீட்டில் பயன்படுத்த வேண்டுமானால், 240 வோல்ட்டுக்கு உரிய சுருள் கம்பிகளை மாற்ற வேண்டும். தேவையெனில் விசைகளையும் மின்காந்த இணைப்பிகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

மும்முனைச் சூளைகள்

பள்ளிகளிலிருந்து வரும் சூளைகள் சில மும்முனை மின்சாரத்துக்கானவை. அமெரிக்க வீடுகளில் பொதுவாக மும்முனை இணைப்பு கிடையாது. பல மாதிரிகளில் உள்வயரிங்கை மாற்றி ஒருமுனைக்குக் கொண்டுவரலாம். ஆனால் அப்போது மின்னோட்டம் கூடுகிறது. 240 வோல்ட்டில் 11,520 வாட் திறனை மும்முனையில் பெறும்போது ஒவ்வொரு முனையிலும் 27.7 ஆம்பியர் பாயும். அதே திறனை ஒருமுனையில் பெற 48 ஆம்பியர் தேவை. எனவே உள்வயரிங்கை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. சூளையின் மின்வடம், பிளக், முனைப்பலகை ஆகியவையும் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்குபவையாக மாற்றப்பட வேண்டும். இவ்வேலை தயாரிப்பாளரின் வயரிங் வரைபடத்தின்படி நடக்க வேண்டும்.

பாதுகாப்பு விசையும் கம்பியும்

மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பாயும் மின்சுமையை அமெரிக்க மின்விதிகள் தொடர்சுமை என்கின்றன. மின்சூளை ஒருமுறை சுடுவதற்கே எட்டு, பத்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே சூளைக்கான மின்சுற்று, தகட்டில் உள்ள மின்னோட்டத்தைப் போல் குறைந்தது 125 விழுக்காடு கொள்ளளவு உடையதாக இருக்க வேண்டும். இதன்படி,

24 ஆம்பியர் சூளைக்கு 30 ஆம்பியர் விசை;
40 ஆம்பியர் சூளைக்கு 50 ஆம்பியர் விசை;
48 ஆம்பியர் சூளைக்கு 60 ஆம்பியர் விசை தேவை.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். வீட்டில் ஏற்கெனவே துணி உலர்த்திக்கான 30 ஆம்பியர், 240 வோல்ட் சுற்று இருந்தால், அதில் 24 ஆம்பியர் வரையிலான, அதாவது 5,760 வாட் வரையிலான சூளையை மட்டுமே இயக்கலாம். சாதாரண 120 வோல்ட், 15 ஆம்பியர் சாக்கெட்டில் 12 ஆம்பியர், அதாவது 1,440 வாட் மட்டுமே தொடர்ந்து எடுக்கலாம். மாதிரித் துண்டுகளையும் சிறு அணிகலன்களையும் சுடும் மிகச் சிறிய சூளைகளுக்கே அது போதும்.

விசை அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பழைய கம்பியை அப்படியே விட்டுவிட்டு விசையை மட்டும் பெரிதாக மாற்றுவது பெருந்தவறு. விசையின் கடமை கம்பியைக் காப்பதே. 30 ஆம்பியர் தாங்கும் கம்பியில் 60 ஆம்பியர் விசையைப் பொருத்தினால், கம்பி சுவருக்குள் சூடாகும்போது அதைத் தடுக்க எதுவும் இருக்காது.

60 ஆம்பியர் சுற்றுக்கு அமெரிக்காவில் 6 கேஜ் தாமிரக் கம்பி வழக்கமாகப் பயன்படுகிறது. அதன் குறுக்குப் பரப்பு 13.3 சதுர மில்லிமீட்டர். மின்பலகைக்கும் சூளைக்கும் இடையே தொலைவு அதிகமானால் இதைவிடத் தடித்த கம்பி தேவைப்படும். எடுத்துக்காட்டாக, 30 மீட்டர் தொலைவில் உள்ள கொட்டகைக்கு இக்கம்பியை இழுத்தால், போக வர 60 மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 0.078 ஓம். இதனால் ஏறத்தாழ 3.7 வோல்ட் குறைகிறது. சூளைக்குக் கிடைக்கும் திறன் 3 விழுக்காடு குறைகிறது. பழைய வீடுகள் சிலவற்றில் உள்ள அலுமினியக் கம்பியைச் சூளைக்குப் பயன்படுத்தாமல் தாமிரக் கம்பியையே பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர்.

பிளக், சாக்கெட்

வட அமெரிக்க வீட்டுச் சூளைகளில் 'நெமா 6-50' என்னும் மூன்று முனைப் பிளக் பரவலாக உள்ளது. இதில் இரண்டு மின்முனைகளும் ஒரு எர்த் முனையும் உண்டு, நியூட்ரல் கிடையாது. சமையல் மின் அடுப்புக்குரிய 'நெமா 14-50' சாக்கெட்டில் நியூட்ரலுடன் சேர்த்து நான்கு முனைகள். இரண்டும் 50 ஆம்பியர் வகையே ஆயினும் ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. பெரிய சூளைகள் பிளக் இல்லாமல் நேரடியாக இணைக்கப்படுகின்றன. எந்தச் சூளைக்கும் நீட்டிப்பு வடம் பயன்படுத்தக்கூடாது.

பிளக்கின் தளர்வு சிறியதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. தளர்ந்த ஒரு முனையில் 0.05 ஓம் மின்தடை மட்டுமே ஏற்பட்டதாகக் கொண்டாலும், 48 ஆம்பியர் அளவில் அங்கே 110 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். 100 வாட் குண்டு பல்பு வெளியிடும் வெப்பத்தைவிட அதிகமான இவ்வெப்பம், விரல் அளவுள்ள பிளாஸ்டிக் பகுதிக்குள் மணிக்கணக்கில் தேங்குகிறது. பழைய சூளைகளின் பிளக்குகள் பழுப்பேறியும் உருகியும் இருப்பதற்கு இதுவே காரணம். அப்படி இருந்தால் பிளக்கோடு சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வீட்டின் மொத்தக் கொள்ளளவு

சூளைக்குத் தனிச்சுற்று அமைப்பதற்கு முன், வீட்டுக்கு வரும் முதன்மை இணைப்பு அதைத் தாங்குமா என்பதைக் கணக்கிட வேண்டும். அமெரிக்காவில் பல வீடுகளுக்கு 100 அல்லது 200 ஆம்பியர் இணைப்பு உள்ளது. 100 ஆம்பியர் இணைப்புள்ள வீட்டில் 48 ஆம்பியர் சூளை கிட்டத்தட்ட பாதியை எடுத்துக்கொள்ளும். அதே நேரத்தில் மின் அடுப்பும், துணி உலர்த்தியும், வெந்நீர்க் கொதிகலனும் இயங்கினால் முதன்மை விசை விழலாம். அடுப்பும் வெந்நீரும் எரிவாயுவில் இயங்கும் வீட்டில் இச்சிக்கல் குறைவு. மின்பலகையில் இடம் இருப்பதாலேயே இணைப்பில் கொள்ளளவு இருப்பதாகப் பொருள் கொள்ளக்கூடாது. இக்கணக்கை உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்து தருவார். முதன்மை இணைப்பைப் பெரிதாக்க வேண்டிய நிலை வந்தால், அதற்கான செலவு பழைய சூளையின் விலையை மிஞ்சக்கூடும். ஆகையால் இக்கணக்கைச் சூளை வாங்கும் முன்பே செய்துகொள்வது நல்லது.

வாங்கும் முன் சோதனை

மின்சாரம் இல்லாமலே சூளையின் நிலையைப் பெருமளவு அறியலாம். பிளக்கைக் கழற்றிய பின், எல்லா விசைகளையும் உச்ச நிலையில் வைத்து, கூம்பால் இயங்கும் துண்டிப்பானையும் இயக்க நிலையில் நிறுத்தி, பிளக்கின் இரு மின்முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். எடுத்துக்காட்டுச் சூளையில் இது 5 ஓம் அளவில் இருக்க வேண்டும்.

- 5.5 ஓம் காட்டினால் கம்பிகள் தேய்ந்துள்ளன. அப்போது மின்னோட்டம் 43.6 ஆம்பியராகவும் திறன் சுமார் 10,470 வாட்டாகவும் குறைந்திருக்கும். மின்தடை பத்து விழுக்காடு கூடினால் கம்பிகளை மாற்றுவது வழக்கம்.
- சூளையின் கம்பிகள் 15 ஓம் கொண்ட மூன்று பக்க இணைப்புப் பகுதிகளாக அமைந்திருந்தால், 7.5 ஓம் காட்டுவது ஒரு பகுதி அறுந்துவிட்டதைக் குறிக்கும். மூன்றில் ஒரு பங்கு திறன் இல்லை.
- ஒவ்வொரு மின்முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே தொடர்பு எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் மின்கசிவு உள்ளது.
- எர்த் முனைக்கும் சூளையின் வெளித் தகட்டுக்கும் இடையே முழுத் தொடர்பு இருக்க வேண்டும்.

மின்னணுக் கட்டுப்படுத்தி உள்ள சூளைகளில் மின்சாரம் வராதபோது இணைப்பிகள் திறந்திருக்கும். ஆகவே அவற்றில் பிளக்கில் அளந்தால் பயனில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கம்பியின் முனையிலும் அளக்க வேண்டும்.

பயன்படுத்திய சுருள் கம்பி குளிர்ந்த நிலையில் எளிதில் ஒடியக்கூடியது. சூளையை வண்டியில் கொண்டுவரும்போது அதிர்ச்சி படாமல் ஏற்றி இறக்குவதும், கொண்டுவந்த பின் மீண்டும் மின்தடையை அளப்பதும் நல்லது. மிகப் பழைய சூளைகளின் உள்வயர்களிலும் அடைப்புகளிலும் கல்நார் இருக்கக்கூடும். ஐயமிருந்தால் அப்பகுதிகளைக் கையால் பிரித்துக் கிளறக்கூடாது. உள்வயர்களை மாற்றும்போது உயர் வெப்பம் தாங்கும் உறையுடைய கம்பியையே பயன்படுத்த வேண்டும். வீட்டு வயரிங் கம்பியின் உறை அங்கே உருகிவிடும்.

230 வோல்ட் நாடுகளில்

பிரித்தானியா, இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு. பிரித்தானியாவின் 13 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் வரை எடுக்கலாம் என்பதால், அந்த அளவுச் சிறு சூளைகள் அங்குச் சாதாரண சாக்கெட்டிலேயே இயங்குகின்றன. பெரியவற்றுக்குத் தனிச்சுற்று தேவை. இந்தியாவில் 16 ஆம்பியர் பவர் பிளக்கின் உச்ச வரம்பு 3.68 கிலோவாட். அதற்கு மேற்பட்ட சூளைகளுக்குத் தனி வயரிங்கும், பெரிய சூளைகளுக்கு மும்முனை இணைப்பும் தேவைப்படும். மின்வாரியத்திடம் பதிவு செய்த மின்பளுவையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

அமெரிக்காவின் 240 வோல்ட் சூளையை 230 வோல்ட்டில் இணைத்தால் திறன் சுமார் 8 விழுக்காடு குறையும். சுருள் கம்பிகளுக்கு 50 ஹெர்ட்சும் 60 ஹெர்ட்சும் ஒன்றே. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள மின்மாற்றியும் மின்காந்த இணைப்பிகளும் 50 ஹெர்ட்சுக்கு ஏற்றவையா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 120 வோல்ட் சிறு சூளையை நேரடியாக 230 வோல்ட்டில் இணைத்தால் திறன் மூன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்து கம்பி எரிந்துவிடும்.

மின்செலவு

சூளை தகட்டில் உள்ள முழுத் திறனையும் எல்லா நேரமும் எடுப்பதில்லை. தொடக்கத்தில் மெதுவாகச் சூடேற்றுவதற்காக விசைகள் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புகின்றன. இறுதிக் கட்டத்தில்தான் சூளை பெரும்பாலும் முழுத் திறனில் இயங்குகிறது. 11.52 கிலோவாட் சூளை 9 மணி நேரச் சுடலில் 60 விழுக்காடு நேரம் மின்சாரம் எடுத்ததாகக் கொண்டால், 11.52 × 9 × 0.6 = 62 யூனிட் செலவாகும். இதை உள்ளூர்க் கட்டணத்தால் பெருக்கினால் ஒரு சுடலின் செலவு கிடைக்கும். கம்பிகள் தேய்ந்த சூளையில் திறன் குறைவாக இருந்தாலும் சுடும் நேரம் நீள்வதால் மொத்த யூனிட் கூடவே ஆகும்.

பாதுகாப்பு

சுருள் கம்பிகளில் பாய்வது உறையற்ற நேரடி மின்சாரம். இயங்கும் சூளைக்குள் கையையோ இரும்புக் கோலையோ விடுவது உயிருக்கு ஆபத்து. சில பழைய சூளைகளில் விசையைத் திருகி நிறுத்தினாலும் இரண்டு மின்முனைகளில் ஒன்று மட்டுமே துண்டிக்கப்படும்; மற்றதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எனவே பழுது பார்க்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். நேரடி இணைப்பாக இருந்தால் மின்பலகையில் விசையை நிறுத்த வேண்டும்.

சூளையைச் சுவரிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் தள்ளி, எரியாத தரையின் மீது, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். களிமண்ணில் உள்ள கரிமப் பொருள்கள் எரியும்போது கார்பன் மோனாக்சைடு போன்ற வளிமங்கள் வெளிவருகின்றன. கூம்பால் இயங்கும் துண்டிப்பான் சில நேரங்களில் சிக்கி நின்றுவிடும் என்பதால், சுடல் முடியும் நேரத்தில் ஒருவர் அருகில் இருந்து சூளை அணைந்ததை உறுதி செய்ய வேண்டும்.